மடையிலிருந்து எடுத்த பழம்

யாரோ ஒரு வேப்பிலைக் கொத்தைக் கலாவின் கைக்குள் திணித்துவிட்டார்கள். அவள் அதைப் பிடிக்கவில்லை. விரல்கள் தாமாக மடங்கி நடுங்க, இலைகளும் சேர்ந்து நடுங்கின.

“உரு வந்திட்டுது! பிள்ளைக்கு உரு வந்திட்டுது!”

பறைக்காரர் அதைக் கேட்டதும் அடியை மாற்றினார். நடந்துகொண்டிருந்த பறை ஓடத் தொடங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் அவள் தலையில் கவிழ்ந்தது. எட்டு வயதுப் பிள்ளை. பச்சைப் பாவாடை காலோடு ஒட்டிக்கொள்ள, கண்கள் எங்கோ ஓரிடத்தில் நிலைத்திருக்க, நின்ற நிலையில் ஆடினாள்.

நெற்றியில் வழிந்தது மஞ்சள் தண்ணீர் மட்டுமல்ல. தண்ணீர் ஊற்ற முன்னரே அவள் மேலுதட்டில் முத்து முத்தாய் வியர்வை நின்றதை நான் கண்டேன். அந்த வியர்வை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். என் உடம்பிலும் அது வந்து போயிருக்கிறது.

கலா என் அக்காவின் மகள். சல்லிக் கிராமத்துக்குப் போகிற வழியில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன அம்மன் கோயில் அது. அன்றைய பூசை அத்தான் வீட்டு உபயம். செலவும் பொறுப்பும் அவர்களுடையவை. ஊர் முழுக்கக் கூடி நின்றது. அந்தக் கூட்டத்தில் அம்மன் வந்ததென்று நம்பாத ஆட்கள் நானும் அக்காவும் மட்டும்தான். அக்காவுக்கு வாய் திறக்கப் பயம்.

அன்று நான் செய்ததைச் சொல்ல முதல், கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். போன வாரக் கட்டுரையை, துறைமுகக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கந்தோரில்தான் எனக்குத் தண்ணீர் விடாய் தொடங்கியது.

பணக்கார வருத்தம்

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். ஐயா கடற்படைத் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவர். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்று என்னை இடுப்பில் சுமந்தா. ஆகவே வீட்டுக்கு ஒரு வருத்தம் வந்தால் அதைப் படித்து விளங்கிக்கொள்வதும் என் வேலையாயிற்று.

ஆனால் படிக்க என்ன இருந்தது? மருந்துக்குப் போகும் இடத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. தொந்தி வைத்த ஒரு மனிதர் கதிரையில் சாய்ந்திருந்து கேக் சாப்பிட்டார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்றால் அவர்தான்.

என்னைப் பார்த்தால் நெஞ்செலும்பை எண்ணலாம். இருபத்து நாலு வயது. மேசையில் இருக்கிற நேரத்தைவிட மலசலகூடத்தில் நிற்கிற நேரம் கூட. வருத்தத்தின் பெயர் தெரிந்த அன்று பெரிய கிளாக்கர் கந்தோருக்கே கேட்கும்படி சொன்னார்:

“ஐசே, சம்பளம் எடுக்கத் தொடங்கி ரெண்டு வருசமில்லை. அதுக்குள்ள பணக்கார வருத்தமும் எடுத்திட்டீரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மாத்திரை தந்தார்கள். முதற் சில மாதம் அது கேட்டது. நான் சொன்னபடி நடக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் மேலே வந்தேன். தேத்தண்ணீருக்குச் சீனியை விட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன். அம்மா பாகற்காயை இடித்துப் பிழிந்து காலையில் நீட்டுவா. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். பிறகு மாத்திரையும் கேட்கவில்லை, பாகற்காயும் கேட்கவில்லை. சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்ட்டில் ஆணி அடித்துப் புதுத் துளை போட்டேன், பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று.

மருந்து தந்த வயதான டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“களவாத் தின்னுறீர்.”

“தின்னேல்லை, ஐயா.”

“எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை.”

பசியோடு இருக்கிற ஒருவனைப் பார்த்து ‘நீ தின்றாய்’ என்று சொன்னால் வருகிற கோபம் இருக்கிறதே, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன். இந்தக் கட்டுரையை அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அடுத்த கட்டில்

அந்த வருடம் மாரி மழை தொடங்கியபோது கலா மெலிந்தாள். நாலு வயதிலேயே விட்ட பழக்கம் திரும்பி வந்து பாயை நனைத்தாள். அத்தானின் தமக்கை ‘பூச்சி’ என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுத்தா. இந்த மாமிக்குக் கலா என்றால் உயிர். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு பிள்ளை தின்றதையெல்லாம் சத்தியெடுத்தாள். நாய் இளைப்பதுபோல மூச்சு வாங்கியது. வாயிலிருந்து அழுகின அன்னாசிப்பழ மணம் வந்ததாக அக்கா சொன்னா. அத்தான் மீன் லொறியின் முன் சீட்டில் அவளைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

நான் கந்தோரால் நேரே ஓடினேன். பிள்ளையின் கையில் சேலைன் ஏறியது. கொஞ்சம் தெளிந்திருந்தாள். கட்டிலருகே வாங்கில் இருந்தேன், விடாய் தாங்கவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்க் கூசாவை எடுத்துக் குடித்தேன். பிறகு திரும்பவும் குடித்தேன்.

“நீங்கள் பிள்ளைக்கு ஆர்?”

புதிதாக மாற்றலாகி வந்த பெண் டொக்டர். என்னைவிடச் சில வயது கூட இருக்கலாம்.

“மாமா.”

“அந்தக் கூசா பிள்ளைக்கு வைச்சது. முழுக்க நீங்கள்தான் குடிச்சு முடிச்சது. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

என் பெல்ட்டையும் பார்த்தா. ஆணித் துளைகளைக் கையால் மறைத்தேன்.

“எனக்கும் சீனி வருத்தம்தான், டொக்டர். மாத்திரை போடுறன். ஆனால் களவா ஒண்டும் தின்னுறேல்லை.”

“நான் அப்பிடிக் கேக்கேல்லையே.”

அப்படிக் கேட்காத முதல் டொக்டர் அவதான். என் சலத்தை வாங்கிச் சோதித்துவிட்டு வந்து, “நீங்கள் வீட்ட போகேலாது. கட்டில் ஒண்டு தாறன்” என்றா. பெரியவர்களின் வார்டு நிரம்பியிருந்ததால் அன்றைக்குப் பிள்ளைகள் வார்டின் மூலையில், காலை மடக்கிக்கொண்டு படுத்தேன்.

கலா தலையணையில் முகத்தைத் திருப்பினாள்.

“மாமா, உங்களுக்கும் ஊசியோ?”

“ஓம்.”

“அழுவீங்களோ?”

“மாட்டன்.”

“அழுதால் நான் சிரிப்பன்.”

வாசலில் நின்ற காவற்காரன்

இரண்டு பேரும் எழுந்து நடமாடத் தொடங்கியதும் டொக்டர் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு இருத்தினா. ஐயாவும் வந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல் சுவரோடு நின்றார்.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு, என்றா. அது இன்சுலினைச் சுரக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் சீனி தசைக்குள் போவதற்கு அதுதான் பூட்டைத் திறக்கிற திறப்பு. திறப்பு இல்லாவிட்டால் சீனி இரத்தத்திலேயே நின்று, சலத்தோடு வெளியே போகும். வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாய் அரிசி கிடக்க உள்ளே ஆட்கள் பட்டினி கிடப்பதுபோல. எங்கள் மெலிவின் காரணம் அதுதான்.

“அந்தக் கணையத்துக்கு என்ன வந்தது?” என்று கேட்டேன்.

“உடம்புக்குள்ள கிருமி வந்தால் அடிக்கிறதுக்கெண்டு ஒரு காவல் இருக்கு. இந்த வருத்தத்தில அந்தக் காவல் ஆளை மாறிப் பிடிச்சுப்போடுது. இன்சுலின் செய்யிற சொந்த ஆக்களையே கள்ளர் எண்டு நினைச்சு அடிச்சு முடிக்குது.”

அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கும் பாதிதான். ஐயா மட்டும் தலையை ஆட்டினார்.

“எனக்கு அடிச்சமாதிரி” என்றார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். வெள்ளைக்காரர் துறைமுகத்தை வைத்திருந்த காலம். உள்ளே போகிற ஆட்கள் கழுத்தில் பித்தளை வில்லை ஒன்று தொங்கவிட வேண்டும். ஐயா பல வருடம் அந்த வாசலால் போய் வந்தவர். ஒரு நாள் புதுக் காவற்காரன் ஒருவன் அவரை மறித்தான். என்ன நினைத்தானோ, சாமான் கடத்துகிற ஆள் என்று முடிவெடுத்து அடித்தான். ஐயா வில்லையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அதையும் களவெடுத்ததுதான் என்று சொல்லி இன்னும் அடித்தான். ஐயாவின் இடது காது அன்றைக்குப் போனது.

“அவன் கெட்டவனில்லை, டொக்டரம்மா. காவலுக்கெண்டுதான் நிண்டவன். என்னைத்தான் தெரியாமல் போச்சு அவனுக்கு.”

டொக்டர் ஐயாவின் பக்கம் திரும்பினா. “நான் படிச்சதைவிட இது நல்ல விளக்கம், ஐயா” என்றா.

“அப்ப அவனை அந்த வாசலால மாத்தேலாதோ?” என்று ஐயா கேட்டார்.

“ஏலாது. பிள்ளைக்குள்ள அவன் அநேகமா அடிச்சு முடிச்சிட்டான். இனி நாங்கள்தான் வெளியால இருந்து இன்சுலினைக் கொண்டுவந்து குடுக்க வேணும். ஒவ்வொரு நாளும். சீவியம் முழுக்க.”

அக்கா சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டா.

“எனக்கு?” என்றேன். “எனக்கு மாத்திரை கேட்டதே முதலில்?”

“சின்னப் பிள்ளையளில அடி கெதியா விழும். வளந்த ஆக்கள் சிலருக்கு ஆறுதலா, மெல்ல மெல்ல விழும். மிஞ்சி நிக்கிற கொஞ்சம் மாத்திரையோட இழுத்துப் பறிச்சு வேலை செய்யும். பேந்து அதுவும் போயிடும். உங்களுக்கு வந்ததும் இவளுக்கு வந்ததும் ஒரே வருத்தம்தான் எண்டு நான் நினைக்கிறன். காட்டித் தாற சோதினை இஞ்ச இல்லை. உங்கட எலும்பைப் பாத்துத்தான் சொல்லுறன்.”

“ஏன் வருது?”

“வடிவாத் தெரியாது. பரம்பரையில கொஞ்சம் இருக்கலாம். ஏதேனும் கிருமி தூண்டிவிட்டிருக்கலாம். தேடிக்கொண்டிருக்கினம். ஆனால் இனிப்புத் திண்டு வாற வருத்தமில்லை இது. தாய் தேப்பன் விட்ட பிழையுமில்லை. ஆரும் அப்பிடிச் சொன்னால் என்னட்ட அனுப்புங்கோ.”

எனக்கு அது போதும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று குடாவைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. கப்பலொன்று நங்கூரம் தூக்கிக்கொண்டிருந்தது. நான் தின்னவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இதுவரை நான்தான். இப்போது இன்னொருவருக்கும் தெரியும். அந்த நினைப்போடு சைக்கிளை எடுத்தேன். பெடலை மிதிக்கக் காலில் வலு இருந்தது.

அத்தானின் ஐசுப் பெட்டி

அத்தான் சம்மாட்டி, சொந்தமாய் வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். இன்சுலின் போத்தலைக் குளிரில் வைக்க வேண்டுமென்று டொக்டர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. குளிரைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரை மீன் கொழும்புக்குப் போகும்வரை கண் மங்காமல் ஐசு போடுகிற ஆள். போத்தலைக் கொண்டுபோய் மீன் பெட்டியின் அடியில் புதைத்து, மேலே ஐசை உடைத்துப் போட்டு, உமியும் போட்டு மூடினார்.

அதன் பிறகு கலாவின் சலத்தை நீல மருந்தோடு கொதிக்க வைத்தால் ஒவ்வொரு நாளும் செங்கல் நிறம். செங்கல் நிறம் என்றால் சீனி நிறைய. ஊசி தவறாமல் போடுகிறார்கள், பிள்ளை திரும்பவும் மெலிகிறாள். வழக்கம்போல மாமி கலாவைப் பிடித்துக்கொண்டா.

“சீனிப் போத்தலுக்குள்ள கை விட்டனியோ? உண்மையைச் சொல்லு!”

“இல்லை மாமி. சத்தியமா இல்லை.”

எனக்குக் காது சுட்டது. அதே கேள்வி. மறுநாளே போத்தலோடு அத்தானை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவ போத்தலை வெளிச்சத்தில் பிடித்தா. உள்ளே தூள் தூளாய் மிதந்தது.

“மீன் வைக்கிறமாதிரியோ வைச்சனீங்கள்?”

“ஓம்! நல்லா ஐசு போட்டு” என்றார் அத்தான் பெருமையாக.

“அண்ணை, மீன் செத்தது. இது வேலை செய்யவேண்டிய சாமான். உறைஞ்சால் பழுதாப் போயிடும்.”

அத்தான் வீடு வரும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. வந்ததும் புது மண்பானை ஒன்றில் ஆற்றுமணல் நிரப்பி, தண்ணீர் தெளித்து, குசினியில் அடுப்புக்குத் தள்ளி ஒரு மூலையில் வைத்தார். அதற்குள் போத்தல். மணல் காயக் காய அவரே தண்ணீர் தெளிப்பார். வேறு யாரும் தொட விடமாட்டார்.

சாத்திய கதவு

குசினிக் கதவைச் சாத்தி வைத்துத்தான் ஊசியை அவித்தார்கள். சாத்தி வைத்துத்தான் போட்டார்கள். கலாவுக்கு என்ன வருத்தம் என்று அயலுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. நானும் அக்காவும் அதற்கு எதிர்.

“இதென்ன கள்ளச் சாமானோ, ஒளிக்கிறதுக்கு?” என்று கேட்டேன்.

“உமக்கென்ன, ஆம்பிளை” என்றார் அத்தான். “அவள் பொம்பிளைப் பிள்ளை.”

“ஊசிப் பிள்ளை எண்டு பேர் விழுந்தால் பேந்து ஆர் எடுப்பினம்?” என்றா மாமி. “என்ர மகனுக்கெண்டாலும் நான் ஒருக்கா யோசிப்பன்.”

“நான் அவனைக் கட்டமாட்டன்! அவன் மூக்கைத் தோண்டுறவன்!” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்போடு கதை முடிந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது.

அதோடு இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. அந்த மருந்து மாட்டின் கணையத்திலிருந்தோ பன்றியின் கணையத்திலிருந்தோ எடுப்பது என்று யாரோ மாமியிடம் சொல்லிவிட்டார்கள். அவவுக்கு அது பெரிய கவலை. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை சாகும் என்று அவவுக்கும் தெரியும். உபயத்து நாளில் மட்டும் ஒரு ஒழுங்கு சொன்னா. வெள்ளனவே வீட்டில் ஊசியைப் போட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகு பிள்ளை முழுக வேண்டும். முழுகிய பிறகு கோயில். பூசை முடிந்துதான் சாப்பாடு, உபயகாரருக்கு அதுதான் முறை.

“பூசை வெள்ளன முடிஞ்சிடும்” என்றார் அத்தான்.

ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற சீனி முழுவதையும் எடுத்துவிடும். மூளைக்கு ஒன்றும் மிஞ்சாது. நடுக்கம் வரும், வியர்க்கும், கண் இருளும், கதை குழறும். விட்டால் வலிப்பு. அதற்கும் மேலே விட்டால் ஆள் இல்லை. டொக்டர் இதை எல்லோருக்கும் சொன்னவ. ஆனால் சொன்ன இடம் ஆஸ்பத்திரி. அங்கே நேரத்துக்குச் சாப்பாடு வரும். கோயிலில் எந்தப் பூசை நேரத்துக்கு முடிந்திருக்கிறது?

என்னிடம் அவர்கள் இந்த ஒழுங்கைச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று தெரியும்.

அம்மாளுக்கும் எனக்கும் நடுவில்

நான் பட்டணத்திலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடற்கரையிலிருந்து வரவேண்டிய கும்பம் வந்து சேரவில்லையாம், பூசாரியார் காத்துக்கொண்டிருந்தார். அம்மனுக்கு முன்னால் மடை விரித்திருந்தது: வாழையிலையில் பொங்கல், இளநீர், வெற்றிலை, பஞ்சாமிர்தம், சீப்புச் சீப்பாகக் கப்பல் வாழைப்பழம். படைத்து முடியும்வரை அதில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

அப்போதுதான் குரவை கேட்டது. வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், ஓடுகிற பறை.

பெண்கள் பக்கத்தில் அக்காவின் முகத்தைத் தேடிப் பிடித்தேன். தலைகளுக்கு மேலால் கத்தினேன்.

“போட்டாச்சோ?”

அக்கா தலையை ஆட்டினா. ஓம்.

“சாப்பிட்டவளோ?”

அக்காவின் தலை மெதுவாக மறுபக்கம் ஆடியது.

அதற்குள் தங்கம்மா ஆச்சி முன்னுக்கு வந்துவிட்டா. கப்பலில் வேலைக்குப் போன மகனைப் பற்றி வெகுநாளாய் ஒரு செய்தியுமில்லாமல் இருந்த மனுசி. கலாவின் முன் முழங்காலில் விழுந்து கும்பிட்டா.

“அம்மாளாச்சி! என்ர மகன் திரும்பி வருவானோ? ஒரு வாக்குத் தா, தாயே!”

கலாவின் தலை நடுக்கத்தில் முன்னும் பின்னும் ஆடியது.

“ஓம் எண்டிட்டா! அம்மாள் ஓம் எண்டிட்டா!”

நான் முழுகவில்லை. சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்தேன். செருப்பை எங்கே கழற்றினேன் என்று நினைவில்லை. ஆண்களையும் பெண்களையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் புகுந்தேன். யாரோ சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்கள், தையல் போன சத்தம் கேட்டது. கலாவை இடக்கையால் அணைத்துக்கொண்டு மடைக்கு முன்னால் குந்தினேன். அவள் உடம்பு மீனைப்போலக் குளிர்ந்திருந்தது. வலக்கையைப் பஞ்சாமிர்தத்துக்குள் விட்டேன்.

பறை நின்றது.

“டேய்! படைக்காததை எடுக்கிறியோ?” பூசாரியாரின் குரல்.

“எடுக்கிறன்.”

“அது அம்மாளுக்கு வைச்சது!”

“இவளில அம்மாள் வந்திருக்கிறா எண்டுதானே சொல்லுறீங்கள்? அப்ப அம்மாளுக்குத்தான் குடுக்கிறன். வரேல்லை எண்டால் இது என்ர மருமகள், சாகப் போறாள். எது எண்டு நீங்களே முடிவெடுங்கோ. நான் குடுக்கப் போறன்.”

பூசாரியார் ஓரடி பின்னுக்கு வைத்தார்.

கலா பல்லைக் கிட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தின் உட்பக்கம் விரலால் பஞ்சாமிர்தத்தைத் தடவினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தடவினேன். தொண்டை அசைந்தது. விழுங்கினாள். இன்னும் கொஞ்சம். அலை வந்து போகிற சத்தம் கேட்டது; இவ்வளவு சனம் கூடிய இடத்தில் கடல் கேட்டது எனக்கு அதிசயமாயிருந்தது. சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, துண்டு துண்டாய் ஊட்டினேன். கையிலிருந்த வேப்பிலை கீழே விழுந்தது. கண்கள் திரும்பி வந்து என் முகத்தில் நின்றன.

“மாமா,” என்றாள். “ஏன் என்னை நனைச்சு வைச்சிருக்கு?”

அக்கா வந்து மண்ணில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டா. மாமி தலையில் அடித்துக்கொண்டா.

“வந்த அம்மாளைக் கலைச்சுப்போட்டான்! எங்கட உபயத்தில வந்து கலைச்சுப்போட்டான்!”

அத்தான் என் கொலரைப் பிடித்துத் தூக்கினார். பெரிய கை அவருக்கு. “ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டியேடா!”

நான் கத்தினேன். அப்படிக் கத்தியது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

“எல்லாரும் கேளுங்கோ! இவளுக்கும் எனக்கும் சீனி வருத்தம். ரெண்டு பேரும் ஊசி போடுறம்!” கிழிந்த சேர்ட்டைத் தூக்கி வயிற்றிலிருந்த ஊசித் தழும்புகளைக் காட்டினேன். “இது தொத்தாது. திண்டு வந்ததுமில்லை, பாவம் செய்து வந்ததுமில்லை. ஒளிச்சு ஊசி போட்டு, ஒளிச்சுப் பட்டினி போட்டு, இண்டைக்கு இந்தப் பிள்ளை உங்களுக்கு முன்னாலயே செத்திருப்பாள். நீங்கள் குரவை போட்டுக்கொண்டு நிண்டிருப்பீங்கள்!”

‘செத்திருப்பாள்’ என்றபோது அத்தானின் கை தளர்ந்தது. மகளைப் பார்த்தார். ஈரப் பாவாடையோடு பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

கடைசியில் பூசாரியார்தான் கதைத்தார். “எச்சில் பட்ட மடை. திரும்ப முதலிலயிருந்து வைக்க வேணும்” என்றார் முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். பிறகு நான் பிய்த்த சீப்பைத் தூக்கிக் கலாவின் மடியில் போட்டார். “இதை இனி அம்மாளுக்கு வைக்கேலாது. நீயே சாப்பிடு, பிள்ளை.”

பிறகு

‘ஊசிப் பிள்ளை’ என்ற பெயர் விழத்தான் செய்தது. அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருக்க மறுத்த பிள்ளைகள் உண்டு. தாய்மார் சொல்லிக் கொடுத்தது. ஆனால் அவளுடைய ரீச்சர் மேசை லாச்சிக்குள் ஒரு சீனிப் பக்கெட் வைக்கத் தொடங்கினா. ஒரு தரம் அது தேவைப்பட்டது. அவ பயப்படாமல் கொடுத்தா. சாத்திய கதவுக்குள் அந்தச் சீனி கிடைத்திராது.

அத்தான் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பெரிய பாரை மீன் ஒன்றை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாமி இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அது அவவின் விருப்பம். நான் செய்ததை நாளைக்கும் செய்வேன்.

அந்த உபயம் கழிந்து சில வாரங்களுக்குள், கப்பலில் போன மகன் ஒரு தோற்பையோடு வந்து இறங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். தங்கம்மா ஆச்சி ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தோடு படியேறி வந்து, கலாவின் காலைத் தொடப் போனா. கலா காலை இழுத்துக்கொண்டாள்.

“நீ சொன்னது பலிச்சிட்டுது, அம்மாளாச்சி! அவன் வந்திட்டான்!”

“அது அம்மாளில்லை, ஆச்சி. நான்தான். எனக்குப் பசிச்சது.”

“அம்மாள் அப்பிடித்தான் சொல்லுவா” என்றா ஆச்சி, ஒரு சந்தேகமுமில்லாமல்.

ஊசி போடுகிற நேரம். அக்கா அவித்த ஊசியைக் கிண்ணத்தில் கொண்டுவந்தா. அந்த மாதம்தான் கலா தானே போடப் பழகியிருந்தாள். மாமி பதறி எழும்பிக் குசினிக் கதவைச் சாத்தப் போனா.

“விடுங்கோ, மாமி. திறந்தே கிடக்கட்டும்” என்றாள் கலா.

மாமியின் கை கதவில் நின்றது. கலா சட்டையைத் தூக்கித் தொடையைத் துடைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை ஏற்றினாள். ஆச்சி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தா.

“ஐயோ, நோகேல்லையோ, அம்மாளாச்சி?”

கலா ஊசியைக் கிண்ணத்தில் போட்டாள்.

“நோகும்” என்றாள். “நான் கலா, ஆச்சி.”